கடித்தது சிலந்திதானா?

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுக்க எட்டுக்கால் பூச்சிக்கே போய்விட்டது. விஷச் சிலந்திகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு என்று படித்தேன். அப்படியானால் சுவரில் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் பயப்பட வேண்டுமா?

பதில்: படித்தது சரி. பயம் வேண்டாம். பெயர் வைத்துப் பதிவான சிலந்தி இனங்கள் 2022-இல் 50,000-ஐத் தாண்டின. யூலோபோரிடே என்ற குடும்பத்துக்கு விஷச் சுரப்பி கிடையாது. அது இரையை நூலால் சுற்றிச் சுற்றி நசுக்கியே கொன்றுவிடும். அதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விலக்குகளையும் ஒதுக்கினால் மற்ற அனைத்துக்கும் விஷம் இருக்கிறது.

ஆனால் அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் அளவிலான உயிருக்காக உருவானது. மனிதனிடம் வேலை செய்ய அது மூன்று தடைகளைத் தாண்டியாக வேண்டும். முதலில், விஷப் பல் நம் தோலைத் துளைக்க வேண்டும். பெரும்பாலான சிறு சிலந்திகளுக்கு அந்த நீளமும் இல்லை, பலமும் இல்லை. துளைத்தாலும், உள்ளே போகிற அளவு நம் எடைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அதுவும் நடந்தாலும், பூச்சியின் நரம்பைப் பூட்டுகிற சாவி நம் நரம்புக்கும் பொருந்த வேண்டும். மூன்றையும் தாண்டுகிற இனங்கள் மிகக் கொஞ்சம். கடிக்கிறபோது சிலந்தி விஷத்தைச் செலுத்தாமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. விஷம் அதற்கு விலை உயர்ந்த சரக்கு. தின்ன முடியாத ஒன்றின்மேல் வீணாக்க அதற்கு அவசியமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அமெரிக்காவில் 2000 முதல் 2017 வரை தேனீ, குளவி வகைகள் கொட்டி இறந்தவர்கள் 1,109 பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 62. சிலந்தியால் நேரும் மரணங்கள் இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. தேனீயைப் பார்த்து நாம் வீட்டைக் கொளுத்துவதில்லை.

கேள்வி: உண்மையிலேயே ஆபத்தான சிலந்திகள் எவை? அடையாளத்தோடு சொல்லவும்.

பதில்: மருத்துவர்கள் பொருட்படுத்துகிற கூட்டங்கள் நான்கு.

முதலாவது, விதவைச் சிலந்திகள், லேட்ரோடெக்டஸ் பேரினம். கறுப்பு விதவை, ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தி, வெப்பமான நாடுகள் பலவற்றில் பரவியிருக்கும் பழுப்பு விதவை எல்லாம் இதில் அடக்கம். பெண்தான் ஆபத்து. ஆண் மிகச் சிறியது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பெண்ணின் உடல் சுமார் 1 செ.மீ., உருண்டையான வயிறு. கறுப்பு விதவை எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். வயிற்றின் அடிப்பக்கம் உடுக்கை வடிவில் சிவப்புக் குறி. செம்முதுகுக்குச் சிவப்புப் பட்டை மேலேயே தெரியும். பழுப்பு விதவையின் உடுக்கை ஆரஞ்சு நிறம். அதன் முட்டைப் பை நெருஞ்சிக் காய்போல் சுற்றிலும் முள்ளாக இருக்கும், வேறெதுவும் அப்படி இருக்காது. இதன் கடி கறுப்பு விதவையின் கடியைவிடப் பெரும்பாலும் லேசானது. வலையும் காட்டிக்கொடுக்கும்: ஒழுங்கே இல்லாத கந்தலான வலை, தரையை ஒட்டி மூலையில் இருக்கும். ஒரு குச்சியை விட்டு இழுத்தால் நூல் சட்டென்று அறாது. சடசடவென்று மெல்லிய ஓசையோடு அறும்.

விதவை கடித்தால் ஊசி குத்தியதுபோல் இருக்கும். சிலருக்கு அதுவும் தெரியாது. சுமார் ஒரு மணி நேரத்தில் வலி கிளம்பி நகர ஆரம்பிக்கும். காலில் கடித்தால் தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்கு. கையில் கடித்தால் தோளுக்கும் மார்புக்கும். வயிறு பலகைபோல் விறைக்கும். குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகும் அளவுக்கு இது ஏமாற்றும். கடிவாயைச் சுற்றி மட்டும் முத்து முத்தாக வியர்ப்பது நல்ல துப்பு. காரணம் ஆல்ஃபா-லேட்ரோடாக்சின் என்ற புரதம். நரம்பு முனைகள் தேக்கி வைத்திருக்கும் சமிக்ஞை வேதிப்பொருள் முழுவதையும் மடை திறந்ததுபோல் ஒரேயடியாகக் கொட்டவைத்துவிடும். ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். ஆளை வாட்டி எடுக்கும்; கொல்வது மிக அபூர்வம்.

இரண்டாவது, லாக்ஸோசிலிஸ் பேரினம். அமெரிக்காவின் பிரவுன் ரெக்ளூஸ், தென் அமெரிக்காவின் லாக்ஸோசிலிஸ் லீட்டா இதைச் சேர்ந்தவை. பழுப்பு நிறம், முதுகின் முன்பகுதியில் வயலின் வடிவக் கறை என்பார்கள். அந்தக் கறையை நம்பி அடையாளம் காணாதீர்கள். பாவப்பட்ட பல சிலந்திகளுக்கு அதுபோல் ஏதாவது கறை இருக்கிறது. கண்களை எண்ணுங்கள். மற்ற பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண், இதற்கு ஆறு. முன்னால் ஒரு ஜோடி, பக்கத்துக்கு ஒரு ஜோடி. உருப்பெருக்கிக் கண்ணாடியில், அல்லது கைப்பேசியில் நெருங்கி எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். கால்களில் முள் இருக்காது, வரியும் இருக்காது. காலில் பட்டை பட்டையாக நிறம் இருந்தால் அது ரெக்ளூஸ் அல்ல.

இதன் விஷம் தோலைத் தாக்குகிறது. கடித்தபோது வலிக்காது. 2 முதல் 8 மணி நேரம் கழித்து எரிச்சல் தொடங்கும். சில கடிகளில் நடுவில் நீலம், சுற்றி வெளுப்பு, அதற்கு வெளியே சிவப்பு என்று வளையமாகி, ஒரு வாரத்தில் கறுப்புப் பொருக்கு கட்டி, ஆற வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான கடிகள் இந்த அளவுக்குப் போகாமல் தானாகவே ஆறிவிடும். அபூர்வமாக, அதிலும் குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் கெடலாம். உயிருக்கு ஆபத்து வருவது அந்த வழியில்தான். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கிழக்கு ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திகள். மனிதனை வேகமாகக் கொல்லக்கூடியது என்று தயங்காமல் சொல்லக்கூடிய கூட்டம் இதுதான். இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, அங்கே பார்ப்போம்.

நான்காவது, தென் அமெரிக்காவின் போன்யூட்ரியா. வலை கட்டாமல் இரவில் தரையில் அலைந்து வேட்டையாடும். சீண்டினால் முன்னங்கால் நான்கையும் தூக்கி நின்றுகொண்டு பக்கவாட்டில் ஆடும். உலகிலேயே கொடிய சிலந்தி என்று பட்டம் கொடுத்து எழுதுவார்கள். பிரேசிலில் ஒரு மருத்துவமனைக்கு வந்த 422 கடிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேருக்குக் கடுமையான வலியோடு சரி. நிலைமை மோசமானது 0.5 சதவீதத்தினருக்கு மட்டுமே. விஷமுறிவு மருந்து தேவைப்பட்டவர்கள் 2.3 சதவீதம். மற்றவர்களில் பலருக்குக் கடிவாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். சிறு குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்த நிம்மதி செல்லாது. விஷத்தின் அளவு ஒன்றுதான். 60 கிலோ உடலில் கரைவதற்கும் 10 கிலோ உடலில் கரைவதற்கும் ஆறு மடங்கு வித்தியாசம்.

கேள்வி: காலையில் எழுந்தபோது என் கணவரின் தொடையில் சிவந்து வீங்கிய கட்டி. இரண்டு நாளில் நடுவில் சீழ் வைத்துவிட்டது. படுக்கை அருகே ஒரு சிலந்தியையும் பார்த்தோம். சிலந்திக் கடிதானே?

பதில்: அநேகமாக இல்லை. நாங்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கடிக்கும்போது கண்ணால் பார்த்தீர்களா? அறையில் ஒரு சிலந்தி இருந்தது என்பது சாட்சியம் ஆகாது. எந்த அறையில்தான் இல்லை?

தெற்கு கலிஃபோர்னியாவில் “சிலந்தி கடித்துவிட்டது” என்று அவசரப் பிரிவுக்கு வந்த 182 பேரைப் பரிசோதித்தார்கள். உண்மையில் சிலந்தி கடித்திருந்தது 7 பேரைத்தான். 156 பேருக்கு இருந்தது தோலில் ஏற்பட்ட பாக்டீரியாத் தொற்று. இதில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி முக்கியமான குற்றவாளி. அது உண்டாக்கும் கட்டி அப்படியே கடிபட்ட இடம்போல் நடுவில் புள்ளியோடு இருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பிரவுன் ரெக்ளூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்த நால்வரில் ஒருவருக்கும் கடிபட்ட அறிகுறியே இல்லை. ஆஸ்திரேலியாவில் கடித்ததை ஆள் பார்த்து, சிலந்தியையும் பிடித்து, நிபுணர் இனம் கண்ட 750 கடிகளை மட்டும் எடுத்து ஆராய்ந்த ஆய்வு 2002-இல் வந்தது. அதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு 44 பேருக்கு. அவர்களிலும் பெரும்பாலோர் செம்முதுகிடம் கடிபட்டவர்கள். அழுகிய புண் ஒருவருக்குக்கூட வரவில்லை. அங்கே பல ஆண்டுகளாகச் சதையை அழுகவைக்கும் என்று பழி சுமந்த வெண்வால் சிலந்தியும் அந்தக் கடிகளில் உண்டு.

நீங்களே பிரித்துப் பார்க்கச் சில குறிகள். சீழ் இருந்தால் தொற்றுதான். சிலந்தி விஷத்தால் சீழ் வராது, ரெக்ளூஸ் புண் வறண்டு தட்டையாக, நடுவில் சற்றுக் குழிந்து இருக்கும். வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் என்றால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். சிலந்தி பெரும்பாலும் ஒரு கடியோடு ஓடிவிடும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வந்தாலும் அது சிலந்தி இல்லை. மூன்று மாதமாக ஆறாத புண் என்றால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்; தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிலந்திக் கடி என்று முத்திரை குத்திவிட்டால், கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டியதும், சீழை எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்க வேண்டியதும் நின்றுபோகிறது. உங்கள் கணவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “சிலந்தி கடித்தது” என்று ஆரம்பிக்காமல் “இரண்டு நாளாகச் சீழ்க்கட்டி” என்று சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ, கட்டியிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கழுத்தில் கோடு போட்டதுபோல் எரிச்சலும் கொப்புளமும். சிலந்தி ஊர்ந்தபோது சிறுநீர் கழித்ததால் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. சிலந்தியின் கழிவு தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது; விஷம் பல் வழியாக மட்டுமே வரும். சிலந்தி நக்கிப் புண் வருவதும் கிடையாது.

கோடுபோன்ற கொப்புளத்துக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று பெடரஸ் என்ற வண்டு: எறும்பைவிடச் சற்று நீளம், உடல் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி. அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கிவிடுவோம். அதன் உடல்நீரில் இருக்கும் பெடரின் என்ற நச்சு, நம் விரல் இழுத்த வழியெல்லாம் தோலைப் பொசுக்கும். உடனே தெரியாது, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் எரியும். ஊர்வது தெரிந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணைத் தொடக் கூடாது.

மற்றொன்று அக்கி. உடலின் ஒரே பக்கத்தில், பட்டையாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அது கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் குத்தலும் எரிச்சலும் இருந்திருக்கும். இது சின்னம்மை வைரஸின் மறுவரவு. மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சிலந்தி என்று நினைத்து நாளைக் கடத்தினால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

கேள்வி: சிட்னி புனல்வலைச் சிலந்தி கடித்தால் பிழைக்க முடியாதா?

பதில்: ஒரு காலத்தில் அப்படிப் பயந்தார்கள், காரணத்தோடுதான். 1927 முதல் 1980 வரை 13 மரணங்கள் பதிவாகியுள்ளன. 1981-இல் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் குழு உருவாக்கிய விஷமுறிவு மருந்து வந்தது. அதற்குப் பிறகு உறுதிசெய்யப்பட்ட மரணம் ஒன்றுகூட இல்லை.

இந்தச் சிலந்தியில் வழக்கத்துக்கு மாறாக ஆண்தான் அதிக ஆபத்து. பெண் தன் வளையிலேயே கிடக்கும். ஆண் வெயில் காலத்து இரவுகளில் ஜோடி தேடிக் கிளம்பி வீட்டுக்குள்ளும், கழற்றிப்போட்ட செருப்பு, ஷூவுக்குள்ளும், நீச்சல் குளத்திலும் வந்து சேரும். குளத்தின் அடியில் செத்ததுபோல் கிடந்தாலும் கையால் எடுக்கக் கூடாது. உடல் ரோமத்தில் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

விஷம் நரம்பின் சோடியம் வாயிலை மூடவிடாமல் தடுக்கிறது. நரம்பு ஓயாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். மயிர் கூச்செறியும், உதடும் நாக்கும் துடிக்கும், எச்சிலும் கண்ணீரும் வழியும், இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். கடுமையான பாதிப்பு என்றால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். மருந்து இரண்டு குப்பியில் தொடங்கும். நிலைமை மோசம் என்றால் முதலிலேயே நான்கு. அந்த மருந்தை முயலிடமிருந்து எடுக்கிறார்கள். முயலுக்கு இந்த விஷம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நாய்க்கும் பூனைக்கும் அப்படியே. மனிதனும் குரங்கும்தான் மாட்டிக்கொண்டவர்கள்.

“எந்தச் சிலந்தியின் விஷம் அதிக வீரியம்” என்று வருகிற பட்டியல்களை இதனால்தான் நாங்கள் மதிப்பதில்லை. அவை பெரும்பாலும் எலியை வைத்துப் போட்ட கணக்கு. வளர்ந்த எலியோ புனல்வலை விஷத்தைத் தாங்கிக்கொள்ளும். அந்தக் கணக்கில் இது சாதுவான சிலந்தி ஆகிவிடும்.

கேள்வி: சிலந்தி கடித்தால் உடனே செய்ய வேண்டிய முதலுதவி?

பதில்: சிலந்தியைப் பிடியுங்கள். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். முடியாவிட்டால் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று படம் எடுங்கள். அதைத் துரத்தி இன்னொரு கடி வாங்க வேண்டாம்.

கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, மறுபடி வையுங்கள். தோலின்மேல் நேரடியாக ஐஸ் வைத்தால் குளிரிலேயே தோல் கருகும். பிறகு அதையும் சிலந்தியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ரெக்ளூஸ் இருக்கும் பகுதியில் வெந்நீர் ஒத்தடம் கூடாது. அதன் விஷ நொதி சூட்டில் வேகமாக வேலை செய்யும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது மருத்துவருக்கு நூறு வார்த்தைக்குச் சமம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். உள்ளே போனது துளியில் ஒரு பங்கு. அதை உறிஞ்சி எடுக்க முடியாது, வாயிலுள்ள கிருமியைப் புண்ணில் ஏற்றத்தான் முடியும்.

புனல்வலைச் சிலந்தி கடித்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் முறை வேறு. 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள இழுபடும் பேண்டேஜை முதலில் கடிவாயின்மேல் சுற்ற வேண்டும். இன்னொன்றை விரல் நுனிப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே முழுக் கை அல்லது காலுக்கும் சுற்ற வேண்டும். பேண்டேஜுக்கும் தோலுக்கும் நடுவே விரல் எளிதாக நுழையாத இறுக்கம் வேண்டும். விரல் நுனி நீலம் பாரித்தால் அதிகம். பிறகு சிம்பு வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது.

இதையே விதவைச் சிலந்திக்குச் செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அதன் விஷம் மெதுவாகவே பரவும். இறுக்கிக் கட்டினால் வலிதான் கூடும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர், கர்ப்பிணி, இதய நோயாளி. மற்றவர்கள் வயிறு விறைத்தாலோ, வாந்தி, வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் வந்தாலோ போக வேண்டும்.

கேள்வி: ஊசி போட்டால் சரியாகிவிடும்தானே?

பதில்: எந்த ஊசி என்பதைப் பொறுத்தது. புனல்வலைக்கான மருந்து உயிர் காப்பது. அதில் இரண்டு கருத்து இல்லை. செம்முதுகுக்கான மருந்து 1956 முதல் இருக்கிறது. ஆனால் 2014-இல் வெளிவந்த ஆய்வில் 224 பேரில் பாதிப் பேருக்கு அந்த மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீரையும், யாருக்கு எது என்று தெரியாமல், வலி மருந்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 34 சதவீதம், பெறாதவர்களில் 23 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் ஒவ்வாமை வரும் வாய்ப்பும் உண்டு. எனவே வலுவான வலி நிவாரணியும் தசையைத் தளர்த்தும் மருந்துமே முதல் சிகிச்சை. முன்பு கால்சியம் குளூகோனேட் ஏற்றுவார்கள். பலன் இல்லை என்று கைவிடப்பட்டது.

ரெக்ளூஸ் புண்ணை அவசரப்பட்டு அறுத்தெடுப்பதும் தப்பு. கெட்ட தசைக்கும் நல்ல தசைக்கும் எல்லை தெளிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குமுன் அறுத்தால் நல்லதும் சேர்ந்து போகும், புண்ணும் பெரிதாகும்.

கேள்வி: உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான பழுப்புச் சிலந்தி, வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றைச் சுமந்துகொண்டு குளியலறைச் சுவரில். கொன்றுவிடலாமா?

பதில்: விட்டுவிடுங்கள். அது ஹெட்டரோபோடா வெனடோரியா, ஹன்ட்ஸ்மேன் வகை. வில்லை அதன் முட்டைப் பை. கரப்பானைத் தின்ன வந்திருக்கிறது. கையில் நசுக்கினால் கடிக்கும். குளவி கொட்டியதுபோல் சில மணி நேரம் வலித்துவிட்டுப் போய்விடும். வாழைத்தார்ப் பெட்டியில் “கொடிய பிரேசில் சிலந்தி” என்று கிளம்பும் பீதிகளில் பல முறை அகப்படுவது இந்த அப்பாவிதான்.

கேள்வி: ஒட்டடையில் தொங்கும் நீளக்கால் சிலந்திதான் உலகிலேயே கொடிய விஷமாம், பல் குட்டை என்பதால் கடிக்க முடியவில்லையாம்?

பதில்: கட்டுக்கதை. பல் குட்டை என்பது மட்டும் உண்மை, கால் மில்லிமீட்டர் அளவு. விஷம் வீரியம் குறைந்தது.

கேள்வி: பாலில் சிலந்தி விழுந்துவிட்டது, தெரியாமல் குடித்துவிட்டேன்.

பதில்: ஒன்றும் ஆகாது. சிலந்தி விஷம் பெரும்பாலும் புரதம். தோலுக்கடியில் செலுத்தினால்தான் வேலை செய்யும், வயிற்றுக்குப் போனால் மற்றப் புரதங்களைப்போல் செரித்துவிடும்.

கேள்வி: என் மகன் டாரன்டுலா வளர்க்க ஆசைப்படுகிறான். ஆபத்தா?

பதில்: எந்த டாரன்டுலா என்று கேளுங்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பெரும்பாலானவற்றின் கடி குளவிக் கொட்டு அளவுதான். அவற்றின் ஆயுதம் வயிற்றின்மேல் இருக்கும் நுண்ரோமம். பின்னங்காலால் தேய்த்து உதிர்க்கும். ஒவ்வொன்றிலும் கொக்கி உண்டு. தோலில் பட்டால் செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். முதலிலேயே சொறிந்தால் உள்ளே இறங்கிவிடும். கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது; கருவிழிக்குள் நகர்ந்து மாதக்கணக்கில் அழற்சி கொடுக்கும், கண் மருத்துவர் நுண்ணோக்கி வைத்துத்தான் எடுக்க முடியும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முகத்துக்கருகே தூக்கிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

தெற்காசியாவின் போசிலோதீரியா வகைக்கு அந்த ரோமம் இல்லை. கடி வேறு ரகம். தசைப் பிடிப்பு உடலெங்கும் வரும், விட்டு விட்டு நாள்கணக்கில் திரும்பவும் வரும். அழகான சிலந்திதான். முதல் சிலந்தியாக வாங்க ஏற்றதல்ல.

கேள்வி: மாதம் ஒரு முறை மருந்து அடிக்கிறோம், சிலந்தி குறையவே இல்லையே?

பதில்: குறையாது. கரப்பான் வயிறு உரசத் தரையில் ஓடும், பிறகு காலையும் மீசையையும் வாயால் துடைக்கும். மருந்து உள்ளே போகும். சிலந்தி எட்டு நுனிக்காலில் எழும்பி நடக்கிறது, அல்லது வலையைவிட்டு இறங்குவதே இல்லை. நேரடியாக அதன்மேல் படாவிட்டால் மருந்து வீண்.

வாக்குவம் கிளீனரின் நீளக் குழாயை மூலையில் விட்டு வலை, சிலந்தி, முட்டைப் பை மூன்றையும் உறிஞ்சி எடுத்துப் பையைக் கட்டி வெளியே போடுங்கள். முட்டைப் பையை விட்டுவிட்டால் செய்த வேலை பாதி. ஒட்டும் அட்டைப் பொறியைச் சுவரும் தரையும் சேரும் விளிம்பை ஒட்டி வையுங்கள். அறை நடுவே வைத்தால் உங்கள் செருப்புதான் ஒட்டும். வாசல் விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் பூச்சி வருவது குறையும், அதைத் தின்ன வருவதும் குறையும்.

ரெக்ளூஸ் உள்ள ஊர்களில் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் புரளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்குக் கட்டில் கால்கள் மட்டுமே மிஞ்சும். நாள்பட மாட்டியிருந்த சட்டை, பரணில் கிடந்த கையுறை, வெளியில் வைத்த ஷூ இவற்றை உதறினால் போதாது. விதவையும் ரெக்ளூஸும் நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஷூவைத் தலைகீழாகத் தரையில் நாலு தட்டுத் தட்டி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காலை விடுங்கள். கடிகளில் பெரும்பங்கு தோலுக்கும் துணிக்கும் நடுவே சிலந்தி நசுங்கும்போது நடப்பவை.

கேள்வி: வீட்டில் பூனையும் நாயும் இருக்கின்றன. அவற்றுக்கு?

பதில்: பூனையைக் கவனியுங்கள். விதவைச் சிலந்தி விஷம் பூனையை மனிதனைவிட மோசமாகப் பாதிக்கும். கத்திக்கொண்டே இருக்கும், எச்சில் ஒழுகும், பின்னங்கால் துவளும். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்; வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அதுவே விஷம்.